மைதானக் குறிப்புகள்: வாலியின் வரம்

டென்னிஸ் ஆட்டத்தில் பின்கோட்டருகே நின்று பந்தைத் திருப்பும் முறைகளைப் பற்றி முன்னர் இப்பகுதியில் எழுதியிருந்தோம். அதைக் கண்ணுற்ற அன்பர் சிலர், வலையருகே முன்னேறிச் சென்று ஆடும் முறையையும் விளக்குமாறும், தம் பிள்ளைகள் அங்கே செல்லவே அஞ்சுவதாகவும் தெரிவித்தனர். அவ்வேண்டுகோளை இரண்டு திங்களாகத் தட்டிக் கழித்து வந்தோம். அதைப் பற்றி எழுதப் புகுந்தால் நம்முடைய பிழை ஒன்றையும் எழுத வேண்டியிருக்கும் என்பதே காரணம். இப்போது அப்பிழைக்கு ஒருவாறு பரிகாரம் நேர்ந்துவிட்டதால் எழுதத் துணிகிறோம்.

எதிரி அடித்த பந்து நம் பக்கத்துத் தரையைத் தொடுமுன் அதை எதிர்கொண்டு திருப்பி விடுவதற்கு 'வாலி' என்று பெயர். சொல் ஆங்கிலத்தது. ஆயினும் நம் வீட்டில் அச்சொல் முதன்முதலாகப் புழங்கிய நாளில், பத்து வயதினளாகிய நம் மகள், "யார் அப்பா, சுக்கிரீவனின் அண்ணனா?" என்று கேட்டாள். வீட்டார் அனைவரும் நகைத்தோம். அந்தக் கேள்வியில் இருந்த பொருள் நமக்கு ஓராண்டு கழித்தே விளங்கிற்று.

நாம் டென்னிஸை முறையாகப் பயின்றவரல்லோம். அலுவல் முடிந்த மாலை வேளைகளில் தோழர்களோடு ஆடிப் பழகிய அளவே நம் தேர்ச்சி. இருந்தும், திருப்பூணித்துறையில் சிமெந்துத் தரையொன்று மாலையில் ஆடக் கிடைத்தபோது, மகளுக்கு நாமே ஆசானாகி விட்டோம். பின்கோட்டு ஆட்டம் அவளுக்கு விரைவில் கைவந்தது. அடுத்தது வாலி என்று முடிவு செய்து, அவளை வலையிலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில் நிறுத்தி, நாம் எதிர்ப்பக்கத்துச் சர்வீஸ் கோட்டில் நின்றுகொண்டு பந்துகளை அடிக்கலானோம். அவள் மட்டையை மெல்ல நீட்டியபோதெல்லாம், "ஓங்கி அடி! ஓங்கி அடி!" என்று கூவினோம். சொற்படி கேட்கும் பிள்ளை. ஓங்கினாள். மட்டை தோளுக்குப் பின்னே சென்ற அந்த வேளையில் பந்து வந்து வலக்கண்ணுக்குக் கீழே தாக்கிற்று.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். ஆடுகளத்தின் முழு நீளம் 78 அடி, அதாவது 23.77 மீட்டர். வலையிலிருந்து சர்வீஸ் கோடு 21 அடி, ஏறத்தாழ 6.4 மீட்டர். பந்து மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் சென்றதாகக் கொண்டால் விநாடிக்கு 20 மீட்டர் ஆகிறது. பின்கோட்டில் நிற்பவருக்கு, எதிர்ப் பின்கோட்டிலிருந்து வரும் பந்து தரையில் பட்டு வேகம் குறைந்து வந்து சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். நம் மகள் நின்ற இடத்திற்கும் நாம் நின்ற இடத்திற்கும் இடையே இருந்ததோ எட்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அரை விநாடிகூட அவளுக்கு இல்லை. அந்தப் பொழுதுக்குள் மட்டையைப் பின்னே கொண்டுபோய் மீண்டும் முன்னே கொண்டுவா என்று, நாள்தோறும் இரயில்களின் நேரக் கணக்கோடு பழகும் நாம், ஒரு குழந்தைக்குக் கட்டளையிட்டோம்!

கண்ணுக்கு ஊறு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் கூறினார். கண்ணின் கீழே நீலம் பாரித்த வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. ஆனால் இல்லாள் நம்மோடு பேசும் பேச்சில் ஏறிய சூடு அத்துணை விரைவில் தணியவில்லை. "பெண் குழந்தைக்கு முகத்தில் வடுப்பட்டால் என்ன செய்வது?" என்று நம் தாயார் அழுதார். கண் என்று சொல்லாமல் முகம் என்று அவர் சொன்னது நமக்கு உறுத்தியதாயினும், அன்று வாய் திறக்கும் தகுதி நமக்கு இல்லை. மட்டை பரண்மேல் ஏறிற்று. மூன்று திங்கள் கழிந்தன. மகளை மீண்டும் அழைத்தபோது அவள், "பின்னால் நின்று ஆடுகிறேன் அப்பா. முன்னால் போனால் பந்து என்னைத்தானே தேடி வருகிறது?" என்றாள்.

அத்திடலுக்கு வரும் முதியவர் ஒருவர் உண்டு. சிறுவர்களுக்குக் கூலி வாங்காமல் ஆட்டம் கற்பிப்பவர். எல்லோரும் அவரை 'மாஷ்' என்றே அழைப்பர். நாமும் அப்படியே குறிப்போம். நிகழ்ந்ததைக் கேட்ட அவர், மகளை ஒன்றும் கேட்கவில்லை. நம்மை நோக்கி, "எந்தப் பந்தை உபயோகித்தீர்கள்?" என்றார். சாதாரணப் பந்து என்றோம். தலையை அசைத்துக்கொண்டு தம் பையிலிருந்து பாதி ஆரஞ்சு நிறமான பந்துகளை எடுத்தார்.

பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் குழந்தைகளுக்கென்று மூவகைப் பந்துகளை அங்கீகரித்துள்ளது. சிவப்புப் பந்து சாதாரணப் பந்தைவிட 75 விழுக்காடு மெதுவாகச் செல்வது; ஆரஞ்சு 50 விழுக்காடு; பச்சை 25 விழுக்காடு. பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் இத்தகைய மெதுப்பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2012 முதல் விதி. விதி இருப்பதை அறியாமல் நாம் ஆசானாக இருந்தோம். விளையாட்டுக்கென்றே செய்யப்படும் பாலிகார்பனேட் கண்ணாடிகளும் உள்ளன. அதையும் பின்னரே வாங்கினோம். இவ்விரண்டையும் முன்னரே செய்திருந்தால் இக்கட்டுரையின் பாதி தேவைப்பட்டிராது.

மாஷ் மகளின் கையிலிருந்து மட்டையை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். வலைக்கு அப்பால் நின்று ஒரு பந்தை மெல்ல எறிந்து, வலக்கையால் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். பத்து, இருபது பந்துகள் அப்படியே சென்றன. பிறகு அவர் மலையாளத்தில் கூறியதைத் தமிழில் தருகிறோம்: "பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் கொண்டுபோனாயா, மகளே? இல்லை அல்லவா? கை முன்னால்தான் போயிற்று. வாலியும் அவ்வளவே. மட்டையால் பிடிப்பது, பிடித்த பிடியை விட்டுவிடுவது."

இதன் பிறகு அவர் செய்த காரியம் ஒன்றை நாம் எதிர்பார்க்கவில்லை. நம்மை வலையருகே நிறுத்தி, பந்தை மகளின் கையில் கொடுத்து, "இனி அச்சனுக்கு நீ எறி" என்றார். எறிந்தாள். ஆரஞ்சுப் பந்துதான், சிறுமியின் கைதான். ஆயினும் முகத்தை நோக்கி வருகின்ற பொருளைக் கண்டு நம் இமைகள் தாமாக மூடிக்கொண்டன. பந்து நெற்றியில் பட்டது. மகள் நகைத்தாள், மூன்று திங்களில் அத்திடலில் அவள் நகைத்தது அதுவே முதல். "கண்ணை மூடாதீர்கள் அப்பா!" என்றாள். நாம் அப்போது அவளிடம் சொல்லவேண்டிய ஒன்று இருந்தது. மாஷ் கேட்கவே அதைச் சொன்னோம்.

அன்றிரவு படுக்கையில்தான் சுக்கிரீவனின் அண்ணன் நினைவுக்கு வந்தான். எதிர்நின்று போர் செய்வோரின் வலிமையில் பாதி அவனைச் சேரும் என்பது அவன் பெற்ற வரம் அன்றோ? வலையருகே நிற்பவனுக்கும் அவ்வரம் உண்டு. பந்துக்கு வேண்டிய வேகத்தை எதிரி ஏற்கெனவே கொடுத்து அனுப்பியிருக்கிறான். நாம் நம் வலிமையை அதனோடு சேர்க்கப் புகுந்தால்தான் அது கோட்டைத் தாண்டி ஓடுகிறது, அல்லது மட்டைக்கே அகப்படாமல் முகத்தைத் தேடுகிறது. மட்டையை உறுதியாகப் பிடித்து எதிரே காட்டினால் போதும். எதிரியின் வலிமையே அவன்பால் திரும்பிச் செல்லும். குழந்தை பெயரைக் கேட்டவுடன் கண்டதை ஆசானாகிய நாம் காணவில்லை. (வாலி வீழ்ந்தது மறைவிலிருந்து வந்த அம்பினால். வலையருகே நிற்பவரும் பெரும்பாலும் பக்கவாட்டில் பாய்ந்து செல்லும் பந்தினாலேயே வீழ்கின்றனர். இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுவது முறையன்று.)

இனி முறைகளுக்கு வருவோம். மட்டையைப் பிடிப்பது சுத்தியலைப் பிடிப்பதுபோல் இருத்தல் வேண்டும். இதனைக் கான்டினென்டல் பிடி என்பர். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் இப்பிடியே பொருந்தும். மாற்றிப் பிடிக்க அங்கே அவகாசம் ஏது? மட்டையின் தலை மணிக்கட்டைவிட உயர்ந்திருக்க வேண்டும். முழங்கைகள் உடலுக்கு முன்னே இருக்க வேண்டும். பந்து வலப்புறம் வந்தால் இடக்காலும், இடப்புறம் வந்தால் வலக்காலும் முன்னே ஓரடி வைக்கும். தாழ்வாக வரும் பந்துக்கு முழங்கால்களை மடக்கி உடலைத் தாழ்த்த வேண்டுமேயன்றி மட்டையின் தலையைத் தாழ்த்தலாகாது. நம்மைப் போன்ற முப்பது கடந்தோருக்கு இது சொல்லுதல் எளிது. மகளோ இருந்த நிலையிலேயே குந்திவிடுகிறாள்!

வலையின் உயரம் நடுவில் 3 அடி. இரு முனைகளிலும் மூன்றரை அடி. ஆட்டத்திலிருக்கும் பந்து முடியுமுன் மட்டையோ ஆடையோ உடலோ வலையில் பட்டால் புள்ளி போயிற்று. பந்து வலையைக் கடந்து நம் பக்கம் வருமுன் கையை நீட்டி அடித்தாலும் அவ்வாறே. ஆர்வமிகுதியால் சிறுவர் இழக்கும் புள்ளிகளில் இவ்வகை பல.

ஆனால் இவை யாவும் வலையருகே சென்று சேர்ந்தபின் ஆகும் காரியங்கள். செல்வது எப்படி என்பதே கடினம். எதிரியின் பந்து குட்டையாக, நம் சர்வீஸ் கோட்டருகே விழும்போதுதான் முன்னேற வேண்டும். அப்பந்தை எதிரியின் பின்கோட்டருகே ஆழமாக அனுப்பி, அதன் பின்னாலேயே நாம் ஓடுகிறோம். நேராக, பக்கக் கோட்டை ஒட்டி அனுப்புவது நன்று. குறுக்கே அனுப்பினால் நாம் காக்க வேண்டிய பரப்பு விரிந்துவிடும். ஓட வேண்டிய தூரமும் கூடும். பந்தைச் சற்றே வெட்டி அடித்தால் அது தரையில் பட்டபின் எழும்பாமல் தாழ்ந்து செல்லும். தாழ்ந்த பந்தை எதிரி மேல்நோக்கியே திருப்ப வேண்டும். மேலே எழுந்து வரும் பந்தே வலையருகே நிற்பவருக்கு விருந்து.

ஓடும்போது ஓரிடத்தில் நிற்க வேண்டும். இதனைக் கற்பிப்பதற்கே மாஷுக்கு ஆறு வாரங்கள் பிடித்தன. எதிரி பந்தை அடிக்கும் கணத்தில் நாம் எங்கிருந்தாலும், சிறிதே குதித்து இரு கால்களையும் அகற்றித் தரையில் ஊன்றி நின்றுவிட வேண்டும். வலை இன்னும் தொலைவில் இருக்கிறதே என்று ஓடிக்கொண்டிருப்பவர், பந்து மறுபுறம் திரும்பினால் தாமும் திரும்ப இயலாது. மகள் ஒவ்வொரு முறையும் குதித்தாள். ஆனால் ஒன்று முந்தினாள், அல்லது பிந்தினாள். "பூர்ணத்ரயீசர் கோயில் உற்சவத்தில் மேளம் கேட்டதில்லையா?" என்று மாஷ் கேட்டார். கார்த்திகைத் திங்களில் நம் ஊரே அக்கோயிலின் விருச்சிகோற்சவத்தில் திரண்டு நிற்பதை நேயர்கள் அறிவர். பஞ்சாரி மேளம் முழங்கும்போது கூட்டத்தின் கைகள் யாவும் ஒரே அடியில் மேலெழும். எவரும் அவற்றுக்கு ஆணையிடுவதில்லை. அடி விழும் இடம் காதுக்குத் தெரிகிறது. எதிரியின் மட்டையில் பந்து படும் 'டப்' என்ற ஓசையே நமக்கு அடி. அதில் கால் இறங்க வேண்டும். மாஷ் இதைச் சொன்னபின் மகள் கண்ணால் தேடுவதை விட்டுக் காதைக் கொடுத்தாள். வாரம் ஒன்றில் கால் இசைந்துவிட்டது.

வலிமை குன்றியவரும் வலையருகே நின்று வெல்லலாம் என்பதற்கு இராமநாதன் கிருஷ்ணனைவிட வேறு சான்று வேண்டா. அவர் பிறந்தது 1937இல் நாகர்கோவிலில். அந்நாளில் அவ்வூர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது; 1956 நவம்பர் முதல் நாளன்றுதான் தமிழ்ப் பகுதியோடு இணைந்தது. ஆகவே கேரளத்தில் வாழும் நாம் அவரை இருமுறை உரிமை கொண்டாடலாம். தந்தை டி. கே. இராமநாதன் தாமே பெயர் பெற்ற ஆட்டக்காரர்; மகனுக்கு ஆசானும் அவரே. (தந்தை ஆசானாவதில் தவறில்லை, அறிந்தவராக இருத்தல் வேண்டும்.) 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தைக் கிருஷ்ணன் வென்றார். அப்பட்டத்தை வென்ற ஆசியரில் அவரே முதல்வர். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதியை எட்டினார். முதலாண்டில் நீல் பிரேசரிடமும் மறு ஆண்டில் ராட் லேவரிடமும் தோற்றார். இருவரும் அவ்வவ் ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள். 1961 காலிறுதியில் ராய் எமர்சனை ஒரு செட்கூட விடாமல் வென்றது ஆட்ட உலகை வியக்க வைத்தது.

இத்தனைக்கும் அவரிடம் இடிபோன்ற சர்வீஸ் இருந்ததில்லை. இருந்தது கையின் மென்மை. பந்து தரையில் பட்டு எழும் கணத்திலேயே எதிர்கொள்ளும் அரை வாலியிலும், வலையருகே பந்தின் வேகத்தைத் தணித்து வேண்டிய இடத்தில் இறக்கி வைப்பதிலும் அவர் வல்லவர். 1966 டிசம்பரில் மெல்போர்னில் நடந்த டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா ஆஸ்திரேலியாவிடம் 4–1 என்று தோற்றது. அந்த ஒன்று இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் அன்று தோற்கடித்த ஜோடி நியூகோம்பும் ரோச்சும். டென்னிஸ் அறிந்தோர்க்கு அவ்விரு பெயர்களே போதும். கிருஷ்ணனின் மகன் ரமேஷும் 1979இல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் பெற்றார். அவர் ஆட்டத்திலும் தந்தையின் மென்மையே விளங்கிற்று.

சென்னையின் விஜய் அமிர்தராஜ் வேறு வகை. ஆறடிக்கு மேற்பட்ட உயரம். சர்வீஸ் செய்த கையோடு வலைக்குப் பாயும் ஆட்டம். குழந்தைப் பருவத்தில் நோயாளியாக இருந்து, உடல்நலத்துக்காக மட்டை பிடித்தவர் அவர். 1973இல் அமெரிக்கப் போட்டியில் லேவரையே வென்றார்.

"இக்காலத்தில் வலைக்கு யார் வருகிறார்கள்? எல்லாரும் பின்னால் நின்றுதானே அடிக்கிறார்கள்?" என்று அண்டை வீட்டு அன்பர் கேட்டார். உண்மைதான். விம்பிள்டனில் 2001 முதல் புல்லின் வகையை மாற்றினர். தரை இறுகிப் பந்து சற்று உயர்ந்து எழலாயிற்று. மட்டைகளும் நரம்புகளும் மாறிப் பின்கோட்டிலிருந்தே பந்தைச் சுழற்றி இறக்கும் ஆற்றல் பெருகிற்று. 2002 இறுதியாட்டத்தில் ஹெவிட்டும் நல்பாண்டியனும் பின்கோட்டை விட்டு வரவே மனமின்றி ஆடினர். ஆனால் இரட்டையர் ஆட்டத்தில் வாலி இன்றி ஓரடியும் நகராது. குடகு நாட்டு ரோகன் போபண்ணா 2024 ஜனவரியில், தம் 43ஆம் வயதில், மாத்யூ எப்டனோடு ஆஸ்திரேலியப் போட்டியின் இரட்டையர் பட்டத்தை வென்று உலகின் முதலிடத்தையும் பெற்றார். நாற்பத்து மூன்று வயதில் ஐந்து செட் முழுதும் பின்கோட்டில் ஓடித் திரிய யாரால் ஆகும்? அண்டை வீட்டு அன்பர் தமக்கு நாற்பத்தொன்று என்று கூறி, மறுநாள் மாலை திடலுக்கு வந்து நின்றார்.

சென்ற திங்கள் எறணாகுளத்தில் சிறுமியருக்கான இரட்டையர் போட்டி ஒன்று நடந்தது. நம் மகளும் அவள் வகுப்புத் தோழியும் சேர்ந்து ஆடினர். இல்லாளும் வந்திருந்தாள். போட்டிகளுக்கு அவள் வந்தது அதுவே முதன்முறை. முதல் மூன்று கேம்களில் மகள் வலையருகே நிற்க வேண்டிய போதெல்லாம் இரண்டடி பின்வாங்கியே நின்றாள். நாம் வாய் திறக்கவில்லை. திறக்கலாகாது என்று மாஷிடம் உறுதி கொடுத்திருந்தோம். நான்காவது கேமில் ஒரு பந்து குட்டையாக விழுந்தது. மகள் அதை நேரே ஆழமாக அனுப்பிவிட்டு ஓடி வந்தாள். எதிரி அடித்த ஓசையில் கால்கள் அகன்று ஊன்றின. பந்து நேரே அவள் முகத்துக்கு வந்தது. இல்லாள் கைகளால் கண்களை மூடிக்கொண்டாள். மகள் மூடவில்லை. மட்டை முகத்துக்கு முன்னே ஒரு சாண் அளவே நகர்ந்தது. பந்து எதிரே காலியாயிருந்த மூலையில் விழுந்து உருண்டது. "என்ன ஆயிற்று? என்ன ஆயிற்று?" என்று விரல்களை விலக்காமலே இல்லாள் கேட்டாள்.

ஆட்டத்தில் 6–4 என்று தோற்றார்கள். எதிர்த்து ஆடிய பெண்கள் கெட்டிக்காரிகள். இவள் முன்னே வருவாள் என்பதைக் கண்டுகொண்டு, அடுத்தடுத்த பந்துகளைத் தலைக்கு மேலே உயரத் தூக்கிப் பின்னால் விழச் செய்தனர். திரும்புகையில் மெட்ரோ வண்டியில் வைற்றிலாவைத் தாண்டியபோது, அதுவரை சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் நம்மை நோக்கி, "அப்பா, தலைக்கு மேலே போகிற பந்தை என்ன செய்வது?" என்று கேட்டாள். தெரிந்தது போலச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றிற்று. மாஷைக் கேட்போம் என்றோம். அவர் கூறியதை அடுத்த இதழில் எழுதுவோம்.